நூற்றுப் பதினெட்டாவது ரத்தம்

மார்ச் 14, வெள்ளி

ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் வேலை இன்றோடு முடிந்தது. கடைசி ஆள், நூற்றுப் பதினெட்டாவது எண், வேறு யாருமில்லை. என் அக்கா சொர்ணத்தின் வீட்டுக்காரர், பலவேசம் அத்தான்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எப்சிபா மேடம் நடத்தும் ஆய்வு இது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்துக் கல்லீரலில் புற்றுக்கட்டி வரும். ஆரம்பத்தில் வலிக்காது, காய்ச்சலடிக்காது. தெரியவரும்போது பெரும்பாலும் பெரிதாகியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வாருங்கள் என்றால் பாதிப் பேர் வருவதில்லை. ஏ.எஃப்.பி. என்று ஒரு பழைய ரத்தச் சோதனை உண்டு, ஆனால் சின்னக் கட்டிகள் பலவற்றில் அது வாயே திறக்காது. அதனால் ரத்தத்தில் மூன்று புரதங்களைச் சேர்த்து அளந்து ஒரே மதிப்பெண்ணாகச் சொல்லும் புதிய சோதனையை மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கட்டி உள்ளவர்கள் ஒரு கூட்டம் வேண்டும், கிருமி மட்டும் இருந்து கட்டி இல்லாதவர்கள் ஒரு கூட்டம் வேண்டும். கட்டி இல்லை என்பதற்கு அதே வாரம் எடுத்த ஸ்கேன்தான் சாட்சி. ஆள் பிடிப்பது, ரத்தம் எடுப்பது, எண் போடுவது என் வேலை. எந்த எண் யாருடையது என்று எனக்கு மட்டுமே தெரியும்.

அத்தானுக்குக் கிருமி இருப்பது முன்பு ஒரு ரத்ததான முகாமில் தெரிந்தது. அப்போதே அக்காவுக்கும் அவர்கள் மகள் பேச்சிக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. அத்தானுடைய ஸ்கேன் மட்டும் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம். கேட்டால், மஞ்சள்காமாலையே வராதவனுக்கு எதற்கு மாப்ள ஸ்கேன் என்பார்.

இன்று காலை வந்தார். வெறும் வயிற்றில் வரச் சொன்னதை மறந்து ஜங்ஷனில் இரண்டு போண்டா தின்றுவிட்டு வந்தார். ரத்தம் கொடுத்தார். ஸ்கேனுக்கு மத்தியானம் வரை பட்டினியாக உட்காரச் சொன்னார்கள். அத்தானுக்கு முக்கூடலில் கொடை. அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்றால் மூன்று நாள் முன்னாலேயே மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியாக வேண்டும். 'சொர்ணம் சவுண்ட் சர்வீஸ்' வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது.

"போன செப்டம்பர்ல எடுத்தது இருக்கும்லா, அத வச்சு ஓட்டு மாப்ள. கொடை முடிஞ்சு புதன்கிழம வந்து படுக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மேடம் வந்து, கடைசி ஆளுக்கு ஸ்கேன் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆள் சேர்க்க இன்றே கடைசி நாள். ஆகிவிட்டது மேடம், நார்மல் என்றேன். புதன்கிழமை எப்படியும் எடுக்கத்தான் போகிறோம். ஐந்து நாளில் மலையா புரண்டுவிடப் போகிறது. செப்டம்பர் ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்து அடித்தேன். ஸ்டேப்ளர் பின் சரியாகத் தேதி இருந்த மூலையில் விழுந்துவிட்டது. அது தற்செயல்.

மார்ச் 19, புதன்

அத்தான் வரவில்லை. சேரன்மகாதேவியில் இன்னொரு கொடையாம்.

மார்ச் 23, ஞாயிறு

அறையில் துணி துவைத்தேன். மோட்டார் மறுபடி மக்கர். மத்தியானம் அக்கா வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். எனக்காகவே செய்ததாகச் சொன்னாள். அம்மா போன பிறகு அக்கா எந்த ஞாயிற்றுக்கிழமையும் என்னை வெளியில் சாப்பிட விட்டதில்லை.

ஜூனிலிருந்து என்னை நிரந்தரமாக்க மேடம் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிளஸ் டூ முடித்துவிட்டு நான் திரிந்துகொண்டிருந்தபோது என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தவர் அத்தான்தான். மைக்செட் தொழிலுக்கு வருகிறேன் என்றதற்கு, ஒரு வீட்டில் ஒரு செவிடன் போதும் என்றார்.

அவர் வாசலில் உட்கார்ந்து மைக் ஒன்றைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக்கை அவரே பேசிப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்க மாட்டார். ஊர்த் தலைவர் கையை நீட்டினாலும் சரி, முதலில் இவர் ஹலோ சொல்லியாக வேண்டும். 'அது வேல செய்யலன்னா அவமானம் பேசுதவனுக்கு, நமக்கில்ல. அதான் நாம பாத்துக் குடுக்கணும்' என்பார். ஸ்கேன் பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன். அவருக்குப் போன் வந்துவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று முடிவுகள் வந்தன.

பெரிய திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டினார்கள். கட்டி உள்ளவர்களின் புள்ளிகள் மேலே, இல்லாதவர்கள் கீழே. நடுவில் ஒரு கோடு. கீழே இருக்க வேண்டிய கூட்டத்திலிருந்து ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டைத் தாண்டி மேலே நின்றது. பக்கத்தில் எண். படிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நூற்றுப் பதினெட்டு. பழைய ஏ.எஃப்.பி. சோதனையில் நார்மல். புதியதில் கட்டி உள்ளவர்களுக்கு வரும் அளவு.

மேடம் வருத்தமாகப் பார்த்தார். கட்டியே இல்லாத ஆளுக்குக் கட்டி இருக்கிறது என்கிறதே, சோதனையில் எங்கோ கோளாறு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உலகநாதன், இவங்க ஸ்கேன் ரிப்போர்ட்ட நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

பார்த்தேன்தான். எந்த மாதத்து ரிப்போர்ட் என்று அவர் கேட்கவில்லை.

இன்னும் ஆய்வில் இருக்கும் சோதனையின் முடிவை அந்த ஆளிடம் சொல்லக் கூடாது என்பது விதி. வீணாகப் பயப்படுவார்கள் என்பதற்காக வைத்த விதி. இதை இங்கே எழுதிவைக்கிறேன். விதி விதிதான்.

ஏப்ரல் 9, புதன்

வேலைக்குப் போகுமுன் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த ஸ்கேனை இந்த வாரம் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பங்குனி உத்திரம் வருகிறது, குலசாமி கோயில் எல்லாம் நம் குழாய்தான், இப்போது கையைப் பிடிக்காதே மாப்ள என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏல தம்பி, எதும் இருக்கால? ரத்தத்துல எதும் சொல்லுதாவளா?"

"ஒண்ணும் இல்லக்கா. ஃபைலுக்கு ஒரு காப்பி வேணும், அவ்ளோதான்."

அவள் திரும்பவும் தோசைக் கல்லுக்குப் போய்விட்டாள். எனக்கும் இரண்டு ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பைக் பஞ்சர். குழாயில் தண்ணீர் வரவில்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒரு பொய்க்குத் துணையாக எத்தனை பேரை இழுக்க வேண்டியிருக்கிறது.

நூற்றுப் பதினெட்டு கண்ணை உறுத்துவதால் அந்தக் கோட்டை இன்னும் மேலே தூக்கிவிடலாமா என்று மேடம் யோசிக்கிறார். தூக்கினால் அந்தப் புள்ளி கோட்டுக்குக் கீழே வந்துவிடும், சோதனை பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் உண்மையிலேயே கட்டி உள்ள இரண்டு பேரும் கூடவே கீழே இறங்கிவிடுவார்கள். அதில் ஒருவர் பேட்டையிலிருந்து வரும் தையல்கார அம்மா. ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்க்காமல் என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். காலர் பிரிந்திருக்கிறது, கொண்டு வா, தைத்துத் தருகிறேன் என்று சொன்னார்.

நம்ம டெஸ்ட்ல தப்பு எங்க இருக்குன்னு உங்களுக்கு எதும் தோணுதா என்று மேடம் என்னிடமே கேட்டார். மெஷினைச் சந்தேகப்பட்டு ஒரு வாரமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைக்கத் தாமதமாகியிருக்கலாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

அத்தான் மெலிந்துவிட்டார் என்று பேச்சி சொன்னாள். பெல்ட்டில் ஆணி வைத்து ஒரு ஓட்டை புதிதாகப் போட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் நாள் முழுக்க மரம் ஏறுகிறவர் மெலியாமல் என்ன செய்வார். அக்காகூட, தொப்பை போய் மாப்பிள்ளை மாதிரி இருக்காவ என்று கேலி செய்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிப்போனேன். அத்தான் ஒரு புரோட்டாவோடு எழுந்துவிட்டார். வெயில்தான்.

மே 14, புதன்

கடைசியில் இன்று அத்தானை ஸ்கேன் அறை வாசல் வரை கொண்டுவந்துவிட்டேன். காலையில் இளநீர் குடித்ததாகச் சொன்னார். பரவாயில்லை, ஒருமணி நேரம் உட்காருங்கள் என்றேன். அரைமணியில் களக்காட்டிலிருந்து போன். ஆம்ப்ளிஃபயர் புகைகிறதாம். எழுந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வராண்டாவில் பத்துப் பேர் பார்க்க, நீங்கள் சின்னப் பிள்ளையா என்று சத்தம் போட்டேன். அத்தானை எதிர்த்து நான் பேசியதே கிடையாது. அவர் கோபப்படவில்லை. என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன மாப்ள இந்த வெரட்டு வெரட்டுத? எதும் இருந்தா சொல்லு. நான் தாங்கிக்கிடுவேன்."

அவ்வளவு நேராகக் கேட்டார். வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உங்கள் ரத்தத்தில் ஒன்று கூடுதலாக இருக்கிறது அத்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த கேள்வி, எப்போதிருந்து தெரியும் என்பதாக இருக்கும்.

"ஆடிட் வருது அத்தான். ஃபைல் சரியா இல்லன்னா என் வேலைக்குக் கேடு."

"அட, இவ்வளவுதானா. வைகாசி முடிய விடு, கண்டிப்பா வாரேன்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஸ்டேப்ளர் பின் தற்செயல் இல்லை. தேதியைப் பார்த்துக் குறிவைத்துத்தான் அடித்தேன்.

மே 20, செவ்வாய்

வேப்பமரத்தில் குழாய் கட்ட ஏறிய அத்தான் பாதியில் இறங்கி, வேரிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வலது விலாவுக்குக் கீழே ஏதோ இழுக்கிறது என்றாராம். அக்கா போன் செய்தாள்.

மே 22, வியாழன்

அத்தானை வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு போனேன். யாருக்கும் போன் பேசாதபடி அவர் செல்லை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். இதை மார்ச் மாதமே செய்திருக்கலாம்.

ஸ்கேன் டாக்டர் பேசிக்கொண்டே பார்த்தார். எங்க ஊர்க் கொடைக்கும் நீங்கதானா அண்ணாச்சி என்று விசாரித்தார். பிறகு பேச்சு நின்றது. கையிலிருந்த கருவி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போய் நின்றது. அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் திரையைப் பார்த்தேன்.

மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர்.

மே 24, சனி

சி.டி. ஸ்கேனும் அதையேதான் சொன்னது. புற்றுக்கட்டி. வேறு எங்கும் பரவவில்லை.

அறுவை டாக்டர் அத்தானையும் அக்காவையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கட்டி சின்னதாக இருந்தால் ஊசி மாதிரி ஒன்றை உள்ளே விட்டுச் சுட்டே அழித்துவிடலாம், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். இது அந்த அளவைத் தாண்டிவிட்டது, இருக்கும் இடமும் ரத்தக் குழாய்க்குப் பக்கம். வயிற்றைத் திறந்து கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டத்தான் வேண்டும். பெரிய அறுவைதான், ஆனால் நம்பிக்கையோடு செய்யலாம் என்றார்.

அவர்கள் வெளியே போன பிறகு நான் மட்டும் நின்றேன். இரண்டு மாதம் முன்னால் இது எவ்வளவு இருந்திருக்கும் டாக்டர் என்று கேட்டேன். யாருக்குத் தெரியும், சிலது சோம்பேறி, சிலது ஓட்டக்காரன் என்றார். ஊசியிலேயே முடிந்திருக்குமா என்று கேட்டேன். முடிந்திருக்கலாம், முடியாமலும் இருந்திருக்கலாம் என்றார்.

இந்த இரண்டு 'லாம்'களையும் ஆயுசுக்கும் நான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மே 27, செவ்வாய்

நூற்றுப் பதினெட்டு யார் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். என் அத்தான் என்றதும் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறிய விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச்சில் ஸ்கேன் சுத்தம். அதே நாள் எடுத்த ரத்தம் மட்டும் கட்டி என்கிறது. மே மாதம் கட்டி வந்து நிற்கிறது. அப்படியென்றால் ஸ்கேன் கண்ணுக்கே தெரியாத காலத்திலேயே ரத்தம் சொல்லிவிட்டது. சோதனை தப்பில்லை, நாம்தான் நம்பவில்லை என்றார். கோட்டை இனி தூக்க வேண்டாம். தையல்கார அம்மா பிழைத்தார். அது மட்டும் எனக்கு ஆறுதல்.

ஆனால் மேடம் அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் சென்னையில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறார். ஸ்கேனுக்கு வராமல் ஓடுகிறவர்களுக்கு இனி பயமில்லை, ஊரிலேயே ரத்தம் எடுத்தால் போதும், ஸ்கேனை விட முந்திச் சொல்லும் என்றார். ஒரே ஒரு ஆளை வைத்து. அந்த ஒரு ஆளின் ஸ்கேனோ நான் வைத்த பழைய தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காவதைப் பார்த்திருக்கிறேன். என் குரங்கு பிள்ளையாராக உட்கார்ந்து பூஜை வாங்கிக்கொண்டிருந்தது.

வார்டில் சேர்ந்திருந்த அத்தானை மேடம் நேரே பார்க்கப் போனார். நானும் பின்னால் போனேன். நலம் விசாரித்துவிட்டு, மார்ச்ல ரத்தம் குடுத்த அன்னைக்கே ஸ்கேனும் பண்ணுனாங்கள்ல அண்ணாச்சி என்று கேட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா, போண்டா தின்றுவிட்டு முக்கூடலுக்கு ஓடியது அவர்தானே. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா மேடம், பண்ணுனாவ. ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாவ" என்றார்.

மே 28, புதன்

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அத்தானிடம் கேட்டேன். தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"ஓடிப்போனது நான்தானல. என்னால நீ போய் ஏன் மாட்டணும்? ஜூன்ல வேல நிரந்தரமாகுதுன்னு உங்க அக்கா கோயிலுக்குத் தேங்கா எடுத்து வச்சிருக்கா."

அவருக்குப் பாதிதான் தெரியும். ஏப்ரல் எட்டாம் தேதி திரையில் நான் பார்த்த புள்ளி அவருக்குத் தெரியாது.

அக்கா பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எந்தம்பிதான் வெரட்டி வெரட்டிக் கூட்டிட்டு வந்தான். அவன் இல்லன்னா எங்க கதி என்னாயிருக்கும்?" அந்த அம்மாள் என்னைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிரப்பப் போய்விட்டேன். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

மே 30, வெள்ளி

மேடம் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். மார்ச்சில் ஸ்கேன் எடுக்கவில்லை, வைத்தது செப்டம்பர் ரிப்போர்ட், தேதியை நான்தான் மறைத்தேன். மூன்று வாக்கியங்கள். இத்தனை நாள் சொல்ல முடியாதது, சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏப்ரல்ல நான் உங்ககிட்ட கேட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா அடுத்த நாள் காலைல அவங்கள ஸ்கேன்ல படுக்க வச்சிருப்பேன். விதியையெல்லாம் நான் பாத்துக்கிட்டிருப்பேன்."

"தெரியும் மேடம்."

"அது மட்டுமில்ல. ஒரு எண் பொய்ன்னா மிச்ச நூத்திப் பதினேழையும் யார் நம்புவா?"

நான் சேர்த்த எல்லாருடைய ஸ்கேனையும் வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து சரிபார்க்கப் போகிறார். சென்னைப் பேச்சு இல்லை. கட்டி இருந்த ஆளின் ரத்தத்தில் அது சரியாகவே தெரிந்தது என்று மட்டும் வேண்டுமானால் சொல்லலாம், முந்திச் சொன்னது என்று சொல்லவே முடியாது என்றார். நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்றும் சொன்னார். சாவியைக் கொடுத்தேன். வாசல் வரை போனபின் கூப்பிட்டு, உங்க அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

அக்கா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே தெருவில் போகும் ஊர்வலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் இரையுது, ட்ரெபிள் கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டார்.

சொன்னேன். ஏப்ரல் எட்டாம் தேதி முடிவு வந்ததை, புள்ளி கோட்டைத் தாண்டி நின்றதை, மறுநாள் காலை தோசை தின்றுகொண்டு ஃபைலுக்குக் காப்பி வேண்டும் என்று சொன்னதை. நீங்கள் தோளைப் பிடித்துக் கேட்டபோதும் ஆடிட் என்று பொய் சொன்னதை. என் பொய் வெளியே தெரிந்துவிடும் என்றுதான் அத்தான், வேறு எதற்கும் இல்லை என்றேன். வேலை போய்விட்டதையும் சொன்னேன்.

ஊர்வலம் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. அவர் கையை ஓங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நான் நினைத்ததெல்லாம் எனக்கு எது நன்றாக இருக்கும் என்பதைத்தான்.

"சோதிக்காம மைக்கக் குடுத்துட்டியே மாப்ள" என்றார். குரலில் கோபம் இல்லை. அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"இல்ல. வந்ததும் சொல்லிருதேன்."

"சொல்லாத."

"அத்தான், என்னால முடியாது. அவ என்னப் பத்தி ஊரெல்லாம் பெருமையா..."

"முடியணும். வியாழக்கிழம என்ன வெட்டப் போறாவ. நான் திரும்பி வந்தா சரி. வரலன்னா அவளுக்கும் பேச்சிக்கும் நீ மட்டுந்தாம்ல. அந்தத் தம்பியையும் அவகிட்டேருந்து புடுங்கிராத. ஒனக்கு நெஞ்சு கனக்குன்னு அவ தலைல எறக்கி வைக்கப் பாக்காத. நீயே சொம."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஜூன் 5, வியாழன்

அத்தானைக் காலையில் அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் தாண்டித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக அறுவை டாக்டர் சொன்னார். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பார்க்க வேண்டும், கிருமி இருக்கும்வரை கட்டி திரும்ப வரலாம் என்றார். அக்கா அவரைக் கும்பிட்டாள். பிறகு திரும்பி என்னையும் கும்பிட்டாள். உடன்பிறந்த அக்கா, எனக்கு மூத்தவள்.

ஜூன் 8, ஞாயிறு

அத்தான் கண்ணைத் திறந்து பேசுகிறார். நர்ஸிடம் பேசுகிறார், பேச்சியிடம் பேசுகிறார், களக்காட்டு ஆம்ப்ளிஃபயர் என்னவாயிற்று என்று போனில் கேட்கிறார். அக்கா பக்கத்தில் இருந்தால் என்னிடமும் பேசுகிறார், வா மாப்ள, உக்காரு என்று. அவள் வெளியே போனால் நிறுத்திவிடுகிறார்.

வேலை போனது ஆய்வு முடிந்ததால் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உன் நல்ல மனசுக்கு வேற வேல கிடைக்கும்ல என்றாள்.

மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் எள் வாசனை. உளுந்தஞ்சோறு, துவையல். ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டே எப்போது அரைத்தாளோ. அத்தானுக்குக் கஞ்சிதான், இது எனக்கு. பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் மறுபடி அந்தக் கதையை ஆரம்பித்தாள், தம்பி வெரட்டலன்னா என்று.  தட்டைக் கீழே வைத்தேன்.

அத்தான் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"சாப்பிடு மாப்ள. உங்க அக்கா உனக்குன்னுதான செஞ்சிருக்கா."

அக்கா இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். சாப்பிட்டேன்.